சருகுக் காலத்தில் பிள்ளைகளோடு வெளியே: வாசகர் கேள்வி – பதில்

இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகள் பலவும் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதைப் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. காட்டுப் பாதையில் நடக்கக் கூட்டிப் போனால் அரை மணி நேரத்தில் சின்னவன் "தூக்கு" என்கிறான், பெரியவள் "போரடிக்குது" என்கிறாள். எப்படித் திட்டமிடுவது?

தூரத்தை முதலில் விட்டுவிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் காலில் ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் என்பதே நல்ல நடை. ஏழு வயதுக்காரி நான்கைந்து கிலோமீட்டர் போவாள். ஆனால் குடும்பத்தின் தூரம் என்பது சின்னவனின் தூரம்தான். பெரியவர்கள் இருபது நிமிடத்தில் கடக்கும் பாதைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சின்னவன் நின்று குச்சி பொறுக்குவதும் குட்டையில் கல் போடுவதும் நடைக்குத் தடை அல்ல, அவனுக்கு அதுதான் நடை.

சுற்றிவரும் பாதையைவிடப் போன வழியே திரும்பும் பாதை நல்லது. எந்த இடத்தில் களைத்தாலும் திரும்பிவிடலாம். சுற்றுப் பாதையில் பாதி தூரம் வந்துவிட்டால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம். சின்னவன் முதல் முறை "தூக்கு" என்று சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். அவன் இன்னும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்புங்கள்.

பெரியவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒன்றே ஒன்று போதும். பத்துப் பொருள் எழுதிய தேடல் பட்டியலைக் கையில் கொடுத்தால் நான்காவது பொருளிலேயே சலித்துவிடும். "பச்சை தொடங்கி அடர்சிவப்பு வரை ஒரே மரத்தின் இலைகளை வரிசையாகச் சேர்" என்றால் ஒரு மணி நேரம் ஓடும். சின்னவனுக்கு ஒரு முட்டை அட்டை: ஒரு குழிக்கு ஒரு பொருள், ஆறு குழி நிறைந்தால் வேலை முடிந்தது.

பொழுதையும் கணக்கில் வையுங்கள். பகல் நீளம் வேகமாகக் குறையும் பருவம் இது. ஏறத்தாழ 50 பாகை அட்சரேகையில், பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி ஒவ்வொரு நாளும் மூன்று, நான்கு நிமிடம் பகல் குறைகிறது. இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போய்விடும். போன முறை ஐந்து மணிக்கு வெளிச்சமாக இருந்ததே என்று நம்பிப் போகக் கூடாது. மரங்களுக்கு அடியில் இருட்டு இன்னும் முன்னதாகவே இறங்கும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே வண்டிக்கு வந்துவிடுவது நல்லது.

இன்னொன்று: ஒவ்வொரு வாரமும் புது இடம் தேடாதீர்கள். ஒரே பாதைக்கு, ஒரே மரத்துக்கு நான்கு முறை போங்கள். இரண்டாம் முறையிலேயே பிள்ளை "போன தடவை இது பச்சையா இருந்துச்சே" என்று சொல்லத் தொடங்கும். இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியது மாற்றத்தைத்தான். ஒரே ஒரு முறை போனால் அது கண்ணில் படாது.

கேள்வி: பிள்ளைகள் சேர்த்த இலைகள் ஒரு வாரத்தில் சுருண்டு பழுப்பாகிவிடுகின்றன. புத்தகத்தில் வைத்தும் பார்த்தோம். சிலவற்றில் பூஞ்சை வேறு பிடித்தது. நிறம் மாறாமல் வைக்க வழி உண்டா?

உண்டு. இலையில் இருக்கும் ஈரம் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவு நிறம் தங்கும். மூடிய புத்தகத்தின் வழவழப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது, அதனால்தான் பூஞ்சை வந்தது.

பனி காய்ந்த பிறகு, நண்பகலை ஒட்டிப் பொறுக்குங்கள். அன்றோ முந்தைய நாளோ விழுந்த, இன்னும் வளைந்துகொடுக்கும் இலையாக இருக்கட்டும். சட்டைப் பையில் போட்டால் வீட்டுக்கு வருவதற்குள் மடிந்துவிடும். ஒரு பழைய நோட்டைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே தாள்களுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். வீட்டில் நான்கு மடிப்புச் செய்தித்தாள், அதன் மேல் அச்சில்லாத வெள்ளைத் தாள், இலைகள் ஒன்றோடொன்று படாமல், மறுபடி வெள்ளைத் தாள், செய்தித்தாள் என்று அடுக்குங்கள். மேலே ஐந்தாறு கிலோ எடை. தடித்த காம்பை வெட்டிவிட்டால் இலை சமமாகப் படியும்.

பெரும்பாலோர் விட்டுவிடும் படி அடுத்தது. முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஏழிலிருந்து பத்து நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம், மிகவும் விரும்பிச் செய்வார்கள்.

மெழுகுத் தாளில் வைத்து இஸ்திரி போடும் முறையும் உண்டு. இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவே இலை, அதன் மேலும் கீழும் ஒரு மெல்லிய துணி, நீராவி இல்லாத நடுத்தரச் சூடு, மெழுகு உருகி ஒட்டும் வரை மெதுவாக அழுத்த வேண்டும். வெட்டும்போது இலையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தாள் விடுங்கள், இல்லையென்றால் பிரிந்துவிடும். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, மெழுகுத் தாளுக்குப் பதில் கேக் சுடும் தாளை எடுப்பது. அதில் பூசியிருப்பது சிலிக்கோன், எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டாது. மற்றது, பொறுக்கிய அன்றே பச்சை ஈரத்தோடு அடைத்துவிடுவது. உள்ளே சிக்கிய ஈரத்தால் இலை பழுப்பாகிவிடும். இரண்டு நாளாவது தாளில் அழுத்திய பிறகு செய்யுங்கள்.

இலை மொடமொடவென்று உடையாமல் தோல்போல வளைய வேண்டுமென்றால் கிளிசரின். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர், தட்டையான தட்டில் ஊற்றி இலைகளை முழுக்க மூழ்கவிட்டு, மேலே இன்னொரு தட்டை வைத்து அழுத்துங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளில் எடுத்துத் துடைத்துவிடலாம். நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும், ஆனால் மாலை கட்டினாலும் நொறுங்காது.

எந்த முறையாக இருந்தாலும் ஜன்னல் வெயிலில் ஒட்டாதீர்கள். சிவப்புதான் முதலில் வெளுக்கும். மைக்ரோவேவில் இலை காயவைக்கும் குறிப்புகளையும் பலர் அனுப்பியிருந்தார்கள். காய்ந்த இலை நொடியில் கருகித் தீப்பிடிக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

கேள்வி: ஒரு மரம் மஞ்சள், பக்கத்து மரம் சிவப்பு, ஏன் என்று ஒன்பது வயதுப் பேரன் கேட்கிறான். ஆல்கஹாலில் இலையை ஊறவைத்து நிறம் பிரிக்கும் சோதனையைச் செய்தோம். தாளில் ஒரு மங்கலான பச்சைக் கறைதான் வந்தது.

பேரனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: மஞ்சள் புதிதாக வந்ததல்ல. கரோட்டினாய்டு என்ற அந்த நிறமி கோடை முழுக்க இலைக்குள் இருந்தது, பச்சையம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. பகல் குறைந்து குளிர் வந்ததும் மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது. இருப்பதும் சிதைகிறது, பின்னால் இருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற நிறமியைச் சில மரங்கள் இந்தப் பருவத்தில்தான் இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாகத் தயாரிக்கின்றன. மேப்பிள் வகைகள் பலவும் அப்படிச் செய்கின்றன. கிங்கோவும் பிர்ச்சும் செய்வதில்லை, அதனால் மஞ்சளோடு நிற்கின்றன. பகலில் நல்ல வெயில், இரவில் உறைநிலைக்குப் போகாத குளிர் என்று தொடர்ந்து வந்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரிவதுபோல் இருக்கும். மேகமூட்டமும் வெதுவெதுப்பான இரவுமாக இருந்த ஆண்டில் மங்கும்.

இதை அவனே கண்டுபிடிக்கலாம். சிவக்கும் மரத்தில் இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே, நான்கைந்து இலைகளின் ஒரு பகுதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடிக் காகிதக் கிளிப் போட்டுவிடுங்கள். மரம் சிவந்த பின் பிரித்துப் பார்த்தால், வெயில் படாத இடம் மஞ்சளாக நிற்கும். ஒரு இலை மேல் இன்னொரு இலையின் நிழல் அச்சுப்போல் பதிந்திருப்பதைக்கூடப் பல மரங்களில் காணலாம்.

இனி ஆல்கஹால் சோதனை. மங்கலாக வந்ததற்குக் காரணம் அநேகமாக ஆல்கஹால் அதிகமாகவும் இலை குறைவாகவும் இருந்ததுதான். ஒரே மரத்தின் ஆறேழு இலைகளை எடுத்து, நரம்பை நீக்கிவிட்டு, பொடிப்பொடியாகக் கிழித்து, கண்ணாடிக் குப்பியில் கரண்டிக் காம்பால் நசுக்குங்கள். புண் துடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இலை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். கைக்குப் பூசும் ஜெல் இதற்கு உதவாது. குப்பியைத் தளர்வாக மூடி, குழாயில் வரும் வெந்நீர் நிறைந்த கிண்ணத்தில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுழற்றிவிடுங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும், ஆகவே அடுப்பில் ஒருபோதும் சூடாக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இந்த வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும்.

சாறு அடர்பச்சையான பிறகு, காபி வடிதாளை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிப் பென்சிலில் தொங்கவிடுங்கள். தாளின் நுனி மட்டும் சாற்றைத் தொட வேண்டும். அரை சென்டிமீட்டர் போதும். ஆழமாக மூழ்கினால் எல்லா நிறமும் கலந்து ஒரே கறையாகும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டையாக ஏறும். பட்டை தெளிந்ததும் எடுத்துக் காயவைக்க வேண்டும். இரவு முழுக்க விட்டால் எல்லாம் உச்சிக்கு ஏறிச் சேர்ந்துவிடும். பச்சை இலையில் செய்து மஞ்சள் வருவதைப் பார்க்கும்போதுதான் "உள்ளேயே இருந்துச்சா!" என்பது பேரனுக்குப் புரியும். ஆகவே முழுக்க மஞ்சளான இலையை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள்.

கேள்வி: மகள் கனமான ஜாக்கெட் போட்டால் ஓடி வியர்க்கிறாள். கழற்றினால் நடுங்குகிறாள்.

ஒரு தடித்த உடைக்குப் பதில் மூன்று மெல்லிய உடைகள். உடம்பை ஒட்டிக் கம்பளியோ பாலியெஸ்டரோ; பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நின்றதும் குளிர்வது அதனால்தான். நடுவில் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) போன்ற ஒன்று. வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய சட்டை. நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர்வதுபோல் இருந்தால் அளவு சரி, பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். உட்கார்ந்து சாப்பிடும் நேரத்துக்கு ஒரு உடை பையில் தனியாக இருக்கட்டும். கைவிரலைத் தொட்டுப் பார்த்துக் குளிரை முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வியர்வை இருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும், சில்லிட்டிருந்தால் ஒன்றைப் போட வேண்டும்.

முதுகுப் பையிலோ தள்ளுவண்டியிலோ இருக்கும் குழந்தை நடப்பதில்லை என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். சுமப்பவருக்கு வியர்க்கும்போது அதன் பாதங்கள் விறைத்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு உடை கூடுதலாக வேண்டும்.

காரில் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டோடு குழந்தை இருக்கையில் கட்டாதீர்கள். பார்க்க இறுக்கமாகத் தெரிந்தாலும் மோதலின்போது பஞ்சு அமுங்கி வார் தொளதொளத்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரை இறுக்கி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போர்த்துங்கள்.

கேள்வி: குளிர் வந்துவிட்டதே, உண்ணிப் பயம் இனி இல்லைதானே?

அப்படி நினைப்பதுதான் ஆபத்து. லைம் நோயைப் பரப்பும் வகை உண்ணிகளில் வளர்ந்தவை இலையுதிர்காலத்தில் சுறுசுறுப்பாகத் திரியும், உறைநிலைக்கு மேல் வெப்பம் உள்ள எந்த நாளிலும். சருகுக் குவியலும் உயர்ந்த புல்லும் அவற்றின் இடம். அப்படிப்பட்ட பகுதியில் போனால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, பாதையின் நடுவில் நடங்கள். வீட்டுக்கு வந்ததும் தலைமுடி ஓரம், காதின் பின், அக்குள், தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின் என்று முழுக்கப் பாருங்கள். உடைகளைத் துவைப்பதற்கு முன்பே துணி உலர்த்தும் எந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒட்டியிருக்கும் உண்ணி சாகும்.

கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், ஒரே சீராக நேராக இழுங்கள். எண்ணெய், நகப்பூச்சு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். அது தானாக விடும் வரை காத்திருப்பதில் நேரம் போகும், ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூட நோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். இடத்தைச் சோப்பால் கழுவி, நாள்காட்டியில் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் பரவும் சிவந்த தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் கண்ட காளானையெல்லாம் தொடுகிறான். கண்டிக்கவா, விடவா?

தொடட்டும். காளான் தொட்டதால் விஷம் ஏறாது. வாயில் போடக் கூடாது, தொட்ட கையை உணவுக்கு முன் கழுவ வேண்டும், இந்த இரண்டு விதியும் மாறக் கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்க மட்டும் விடுங்கள். பறித்துச் சமைக்கும் எண்ணமே வேண்டாம். காளான் விஷத்தால் நேரும் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான அமானிடா ஃபாலாய்டிஸ் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். அதன் விஷம் வேகவைத்தாலும் அழியாது, அறிகுறிகள் வெளிப்படப் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மிச்சமிருக்கும் காளானோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காளானை அறிய அழகான வேலை ஒன்று உண்டு. பாதி வெள்ளை, பாதி கறுப்பாகத் தாள் ஒட்டி, பறிப்பதற்குத் தடை இல்லாத இடத்தில் எடுத்த ஒரு விரிந்த குடையின் காம்பை வெட்டி, செதில்கள் கீழே பார்க்க வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் குடைமேல் விட்டுக் கிண்ணத்தால் மூடுங்கள். மறுநாள் காலையில் வித்துத்தூள் உதிர்ந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் படம் பதிந்திருக்கும். வெள்ளை வித்து கறுப்புத் தாளில்தான் தெரியும், இரண்டு நிறம் அதற்காக. தாள் வெறுமையாக இருந்தால் குடை மிக இளசாகவோ காய்ந்தோ இருந்திருக்கும். சமையல் பாத்திரத்தையோ சாப்பாட்டு மேசையையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: ஜாடியில் சேர்த்த ஓக் கொட்டைகளிலிருந்து வெள்ளைப் புழுக்கள் வந்தன. பிள்ளைகள் அலறிவிட்டார்கள்.

அவை கூன்வண்டின் புழுக்கள். தாய் வண்டு நீண்ட மூக்கால் கொட்டையைத் துளைத்து முட்டையிடும். கொட்டை தரையில் விழுந்த பின் புழு வட்டமான ஓட்டை போட்டு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். யாரையும் கடிக்காது. அடுத்த முறை அலறுவதற்குப் பதில், ஒரு கிண்ணம் மண்ணில் விட்டு அது எப்படிப் புதைகிறது என்று காட்டுங்கள், பிறகு மரத்தடியில் கொண்டுபோய் விடுங்கள்.

கைவேலைக்கு வேண்டுமென்றால் கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதையும் ஓட்டை உள்ளதையும் ஒதுக்குங்கள். மூழ்கியதைத் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 90 பாகை செல்சியசில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஓவனில் வையுங்கள். காய்ந்ததும் தொப்பி கழன்றுவிடும், பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். முளைக்கவைக்க நினைத்தவற்றைச் சூடாக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் கொட்டை ஜாடி எட்டாத உயரத்தில் இருக்கட்டும், தொண்டையில் சிக்கும் அளவு அது. காட்டில் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாமல் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி என்று வையுங்கள். பல உயிர்களுக்குக் குளிர்கால இருப்பு அதுதான்.

கேள்வி: சருகுக் குவியலில் குதிக்க விடலாமா? மகளுக்கு இழுப்பு (ஆஸ்துமா) உண்டு.

அன்று கூட்டிய, காய்ந்த சருகென்றால் குதிக்கலாம். குவியலை நீங்களே கூட்டுங்கள், அப்போதுதான் உள்ளே கல்லோ குச்சியோ இல்லை என்று தெரியும். நாள்பட்ட குவியலில் முள்ளெலி போன்றவை படுத்திருக்கலாம். சாலையோரக் குவியலில் ஒருபோதும் வேண்டாம், வண்டியோட்டிக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது. இடுப்பளவு குவித்தால் குதித்ததும் முழங்காலளவுதான் நிற்கும், எனவே புல்தரையின் மேல் குவியுங்கள். ஈரச் சருகில் பூஞ்சை வளரும், அது இழுப்பைக் கிளப்பக்கூடியது. மகளை மழைக்குப் பிந்தைய நாள்களில் குவியலிலிருந்து தள்ளியே வையுங்கள், மருந்துக் குழலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. மாலையில் என்ன செய்வது?

இருட்டுக்குள்ளேயே போங்கள். கோடையில் நட்சத்திரம் தெரிவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், இப்போது சாப்பாட்டுக்கு முன்பே வானம் தயார். விளக்கில்லாத இடத்தில் இருபது நிமிடம் இருந்தால் கண் பழகும். அதற்குள் யாரும் கைபேசியைத் திறக்கக் கூடாது. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். வட அரைக்கோளத்தில் நவம்பர் மாலையில் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை எண்ணுகிறது என்று பாருங்கள், வெறும் கண்ணுக்கு ஆறு பொதுவாகத் தெரியும். நல்ல இருட்டென்றால் உச்சிக்கு அருகே நம் பால்வெளிக்கு வெளியே உள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் மங்கலான திட்டாகத் தெரியும். அந்த வெளிச்சம் புறப்பட்டு சுமார் 25 லட்சம் ஆண்டு ஆகிறது. நேரே பார்த்தால் மறையும், சற்றுப் பக்கமாகப் பார்த்தால் தெரியும்.

அக்டோபர் 21ஐ ஒட்டி வரும் ஓரியானிட் எரிகற்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஹாலி வால்மீன் விட்டுச் சென்ற தூசிதான் அவை. ஆனால் நள்ளிரவுக்குப் பிறகே நன்றாக வரும். பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அதற்காக எழுப்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: நாள் முழுக்க மழை. வீட்டுக்குள் ஏதாவது?

முந்தின வாரம் பொறுக்கிய பைன் கூம்பு இருக்கிறதா? விரிந்த ஒன்றைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வையுங்கள், மிதந்தால் மேலே ஒரு கிண்ணம். ஓரிரு மணி நேரத்தில் செதில்கள் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு செதிலின் இரண்டு அடுக்குகளும் ஈரத்தில் வெவ்வேறு அளவில் உப்புவதால் அது உள்நோக்கி வளைகிறது. ஈரக் காற்றில் விதை தொலைவு பறக்காது, எனவே மரம் மூடிவைக்கிறது. வெளியே எடுத்துத் துணியில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் மறுபடி விரியும். இறந்த திசு என்பதால் பலமுறை செய்யலாம். கூம்பை வெளி ஜன்னல் விளிம்பில் கட்டிவிட்டால், காலையில் அது விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் பூட்ஸ் போடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள்.